லெக்கோரா, சாத்தாரா, கெப்பிங்கா?

பள்ளி விடுமுறைக்குக் கிள்ளானிலிருந்து குவாலா திரெங்கானு வரை காரில் போய் வந்தோம். அத்தை, நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர், அப்புறம் ஒரு சின்ன ஐஸ் பெட்டி. சிக்கல் அந்தப் பெட்டியால்தான். மலேசியாவின் கிழக்குக் கரை மீன் தின்பண்டங்கள் மூன்றை மூன்று நாளும் தின்றாகிவிட்டது. வீட்டுக்கு எதைக் கட்டிக்கொண்டு வருவது என்பதில் காருக்குள் பஞ்சாயத்து. அத்தைக்குச் சாத்தார், வீட்டுக்காரருக்குக் கெப்பிங். நான் லெக்கோர் கட்சி, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அங்கேயே உட்கார்ந்து தின்ன வேண்டுமென்றால் சாத்தார்தான். அரைத்த மீனில் தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் சேர்த்து, வாழையிலையில் கூம்பாக மடித்து, குச்சியில் வரிசையாகக் கோத்துக் கரி நெருப்பில் வாட்டுகிறார்கள். இலை கருகிய வாசனையே பாதி ருசி. "சுறாப்புட்டை இலையில மடிச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அத்தை ஆறு தின்றார். ஆனால் உள்ளே இருப்பது தேங்காய். சட்னி மதியத்துக்குள் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? போன தடவை ஆசைப்பட்டு இருபது வாங்கி வந்தேன். கிள்ளான் வந்து பிரித்தபோது புளித்த வாடை. பெட்டியில் ஐஸை நிறையப் போட்டிருந்தால் தாங்கியிருக்குமோ என்னவோ, எனக்கு மறுபடி சோதித்துப் பார்க்க மனமில்லை.

கெப்பிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீன் சேர்த்துப் பிசைந்த மாவை உருட்டி அவித்து, மெல்லிசாகச் சீவி, வெயிலில் காய வைத்த வற்றல். டின்னில் போட்டு மூடினால் மாதக்கணக்கில் கிடக்கும், ஐஸ் பெட்டியே வேண்டாம். ஆனால் அது எங்கள் வட்டாரக் கடையிலேயே கிடைக்கிறதே!

லெக்கோருக்கு வருவோம். மீன், சாகு மாவு, உப்பு. மூன்றையும் பிசைந்து நீளமாக உருட்டிக் கொதிநீரில் அவிக்கிறார்கள். அவித்த சூட்டோடு சாஸில் தொட்டுத் தின்பதும் உண்டு, பொரித்தும் தின்பார்கள். பொரித்ததைப் பொட்டலம் கட்டி எடுத்து வர நினைக்காதீர்கள். ஆறியதும் ரப்பர்தான், பல் வலிக்கும். அவித்ததைத்தான் வாங்க வேண்டும், அதுவும் ஆறிய பிறகு. முதல் நாள் அவசரத்தில் சூட்டோடு பிளாஸ்டிக் பையில் போட்டு வாங்கினேன். பைக்குள் வியர்த்து, சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்துப் போனது. மறுநாள் தாளில் பரப்பி முழுக்க ஆற விட்டு, சிறு சிறு பைகளாகக் கட்டினேன். அந்த வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். அதைச் செய்தால் ஐஸ் பெட்டியில் ஒரு பகல் பயணம் தாங்கும், வீட்டில் உறைபெட்டிக்குள் போய்விடும். நான் வைத்துப் பார்த்தது ஐந்து வாரம்தான், அதற்குள் தீர்ந்துவிட்டது. காற்று நீக்கிய பாக்கெட்டிலும் விற்கிறார்கள், நான் வாங்கியதில்லை.

இன்னொன்று. உறைந்ததை அப்படியே முழுசாக எண்ணெயில் போட்டால் வெடிக்கும். உள்ளே ஈரம் அடைபட்டிருக்கிறது. எங்கள் அடுப்படிச் சுவரில் இன்னும் கறை இருக்கிறது. நன்றாக உருக விட்டு, சாய்வாகத் துண்டு போட்டு, மிதமான சூட்டில் பொரித்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று. வேண்டிய அளவு மட்டும் பொரித்துக்கொள்ளலாம் என்பதுதான் எனக்குப் பெரிய வசதி. பிள்ளைகள் மாலை நாலரைக்குப் பசி என்று வந்து நின்றால் பத்துத் துண்டு போதும்.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெரும்பாலும் மாவு கூடுதல், சாம்பல் நிறமென்றால் மீன் தாராளம் என்பது என் கணக்கு. மீனுக்கு மீன் நிறம் மாறும், அதனால் ஒன்றை வாங்கிக் கடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குவதே நல்லது. இனிப்பும் காரமுமான அந்தச் சாஸை மறக்காமல் தனியாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டு மிளகாய் சாஸில் அந்த ருசி வராது.

கடைசியில் பெட்டியில் ஏறியது அறுபது லெக்கோர். கெப்பிங் இரண்டு பாக்கெட் வீட்டுக்காரரின் பிடிவாதத்துக்காக டிக்கியில். திரும்பும் வழியில் கெமாமானில் நிறுத்தி வாங்கிய சாத்தார் பொட்டலம் அத்தை மடியில். தெமெர்லோ தாண்டும்போது அதில் இலைதான் மிச்சம்.