மண் தடுப்பு வேலைக்கு ஆப்பில் ஆள் பிடிக்கிறீர்களா? 6,800 வெள்ளி போன கதையைப் படியுங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் வீடு கட்ட நிலம் சமன் செய்கிறவர்கள் யாராவது இருந்தால் இதை முதலில் படித்துவிடுங்கள். எனக்கு 6,800 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. கையில் இருப்பது ஒரு கறுப்பு வலையும், வேலையை நிறுத்தச் சொல்லி நகராண்மைக் கழகம் கொடுத்த கடிதமும்தான்.

எங்கள் நிலம் பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய சரிவில் இருக்கிறது. மண்ணில் கை வைப்பதற்கு முன்பே பிளான் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவு அது. மழைத் தண்ணீரோடு மண் வெளியே போகாமல் எப்படித் தடுப்போம் என்றும் காட்டச் சொன்னார்கள். சரி என்று, வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு ஆப்பில் தேடினேன். பிளான், தடுப்பு வலை, மண் தேங்கும் குழி எல்லாம் சேர்த்து 6,800 என்றார் ஒருவர். பெயருக்குக் கீழே நட்சத்திரங்கள் வரிசையாக மின்னின.

நேரில் வந்தார். எங்கள் மண்ணை ஒரு கை அள்ளி, தண்ணீர் போத்தலில் போட்டுக் குலுக்கி, கார் பானெட்டின் மேல் வைத்தார். மணல் உடனே அடியில் இறங்கிவிட்டது. மேலே தண்ணீர் மட்டும் தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் கலங்கியே நின்றது. பேசி முடிக்கும்வரை தெளியவில்லை. "பாத்தீங்களா அக்கா, இது களிமண்ணு. லேசுல அடங்காது. குழியைப் பெருசா வெட்டி, தண்ணியை நிறுத்தி வெச்சாத்தான் இறங்கும்." அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் வயிற்றெரிச்சல்! தொழில் தெரியாதவன் சொதப்பினால் மனது ஆறிவிடும். இந்த ஆள் தெரிந்தே செய்திருக்கிறார்.

கட்டியது நாற்றுப் பந்தலுக்குப் போடும் நிழல் வலை. அதையும் குச்சியில் சும்மா தொங்கவிட்டிருந்தார். வலையின் அடி விளிம்பைப் பள்ளம் வெட்டிப் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும். குழியில் ஒரு பீப்பாய் தண்ணீர்கூட நிற்காது. சாயங்காலம் பெய்த ஒரே மழையில் சேறு முழுவதும் கீழ்வீட்டு லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில். அந்த வீட்டுத் தாத்தா மண்வெட்டியோடு நின்றார், ஒரு வார்த்தை திட்டவில்லை. லோங்காங் அடைத்தால் அடுத்த மழை அவர் வீட்டுக்குள் வரும். அடைக்காவிட்டால் களியும், ஜேசிபி சிந்திய டீசலும் பேராக் ஆறு வரை போகும்.

அதிகாரி வந்து பிளானை விரித்தார். அதிலிருந்த லாட் எண்ணே (நிலத்தின் எண்) எங்களுடையது இல்லை. வேறு யாருக்கோ போட்ட பிளான். தண்ணீர் ஓடும் அம்புக்குறிகள் எல்லாம் எங்கள் மேட்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தன! பொறியாளர் முத்திரை மங்கிப்போன போட்டோகாப்பி.

போன் போட்டால், "ஆஸ்பத்திரியில இருக்கேன் அக்கா." அப்புறம், "மழை விடட்டும், வரேன்." அப்புறம், "மழை பெய்யுறதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" அதற்கப்புறம் என் நம்பரையே அடைத்துவிட்டார். ஆப்காரர்கள் அதற்கு மேல். என் அனுபவத்துக்கு வருந்துகிறார்களாம். அவர் 'வேலை முடிந்தது' என்று அழுத்தியதும் 6,800 வெள்ளியும் அவர் கணக்குக்குப் போய்விட்டதாம். தாங்கள் ஆளைக் காட்டுகிறவர்கள் மட்டும்தானாம். படங்களை அனுப்பினால் புகார் எண் ஒன்று வருகிறது, வேறு எதுவும் வருவதில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பிளானில் முத்திரை போட்ட பொறியாளர் பெயரை மலேசியப் பொறியாளர் வாரியத்தின் இணையத்தளத்தில் தேடுங்கள், அவரிடமே பேசுங்கள். லாட் எண்ணைப் பாருங்கள். வலையின் அடியைக் காலால் உதைத்துப் பாருங்கள். ஜேபிஎஸ்-இன் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) எம்எஸ்எம்ஏ என்ற மழைநீர் வடிகால் கையேட்டில் வலை, குழி எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது, அதைக் காட்டிக் கேளுங்கள். பணம் போய்விட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது: 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம். நான் மனு கொடுத்துவிட்டேன். ஆள் பெயர், ஆப் பெயர் கேட்டு யாரும் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம், வழக்கு முடியும்வரை சொல்ல மாட்டேன்.