16 ஓம் என்றால் ஷார்ட் இல்லை: ஹீட்டர் மாற்றச் சொல்பவர்களிடம் கவனம்

வயதான அம்மா அப்பா பகலில் தனியாக இருக்கும் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு உங்களுடையது என்றால் இதைக் கண்டிப்பாகப் படியுங்கள். மின்தூக்கி அருகே ஒட்டியிருந்த "ஹீட்டர், ஏர்கான், உடனடிப் பழுதுபார்ப்பு" துண்டுச்சீட்டைப் பார்த்துத்தான் என் அம்மா அந்த ஆளை அழைத்திருக்கிறார். குளியலறை ஹீட்டரில் விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை, அவ்வளவுதான் பிரச்சினை. நான் வேலை முடிந்து வருவதற்குள் சுவரில் புது ஹீட்டர், மேசையில் 480 வெள்ளிக்குப் பில்.

பில்லில் கையால் எழுதியிருந்த வரிதான் என்னைக் கொதிக்க வைத்தது: "காயில் 16 ஓம், ஷார்ட்." அதாவது தண்ணீரைச் சுட வைக்கும் கம்பிச்சுருளின் மின்தடை 16 ஓம்தான், அதனால் மின்சாரம் குறுக்கு வழியில் பாய்கிறது என்று அர்த்தமாம். மல்டிமீட்டரை அம்மாவிடம் நீட்டி, "பாருங்க ஆண்ட்டி, நல்ல காயில்னா ஆயிரக்கணக்குல காட்டணும், இது வெறும் 16, இன்னிக்கு ஷவரைத் திறந்திருந்தா ஷாக் அடிச்சிருக்கும்" என்றாராம். தனியாக இருக்கும் ஒரு பெரியவரிடம் இப்படிச் சொன்னால் அவர் பணத்தை எடுத்துக் கொடுக்காமல் வேறென்ன செய்வார்?

பழைய ஹீட்டரை அம்மா கொடுத்தனுப்பவில்லை, நல்லவேளை. அதன் பக்கவாட்டு லேபிளில் 230 வோல்ட், 3.3 கிலோவாட் என்று இருக்கிறது. இந்த இரண்டு எண்களே போதும். வாட் என்பது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது, ஆக 3,300-ஐ 230-ஆல் வகுத்தால் மின்னோட்டம் சுமார் 14.3 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை: 230-ஐ 14.3-ஆல் வகுத்துப் பாருங்கள், 16 ஓம். அதாவது அந்த ஆள் "ஷார்ட்" என்று எழுதிவைத்த எண், அந்தக் காயில் புதிதாக இருந்தபோது என்ன காட்டியிருக்க வேண்டுமோ அதே எண். கெட்டுப்போகவே இல்லை!

அவர் சொன்னபடி ஆயிரம் ஓம் இருந்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். மின்னோட்டம் 0.23 ஆம்பியர், மின்திறன் வெறும் 53 வாட். அதை வைத்து ஒருவர் குளிக்கத் தண்ணீர் சுட வைக்க முடியுமா? உண்மையிலேயே ஷார்ட் ஆகி அரை ஓம் என்று வந்திருந்தால் 460 ஆம்பியர், சுவிட்சைப் போட்ட நொடியே பிரேக்கர் விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் ஒரு தடவைகூட விழவில்லை. ஷாக் அடிக்குமா என்பது வேறு சோதனை, அதைக் காயிலின் இரண்டு முனைகளுக்கு நடுவே அளக்கக்கூடாது, காயிலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்க வேண்டும், அங்கேதான் பெரிய எண் வர வேண்டும். இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பித்தான் பயமுறுத்தியிருக்கிறார் என்பது என் முடிவு, ஏனென்றால் மீட்டர் பிடிக்கத் தெரிந்த எவருக்கும் இது தெரியும்.

சரி, புதியதாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால், அங்கே இன்னொரு ஏமாற்று. தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. "இது புது மாடல், மின்தடை ஜாஸ்தி, கரண்ட் கம்மியா இழுக்கும், சூடு அதேதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வோல்ட் மாறாமல் ஆம்பியர் குறைந்தால் சூடும் குறையத்தான் செய்யும், வேறு வழியே கிடையாது. உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை வரவழைத்து, கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தோம்: 230 வோல்ட், 10.5 ஆம்பியர். பெருக்கினால் சுமார் 2,400 வாட், மின்தடை கிட்டத்தட்ட 22 ஓம். பெட்டியின் மேல் ஒட்டியிருப்பதோ 3.3 கிலோவாட்! நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் தண்ணீரை 3.3 கிலோவாட் ஏறக்குறைய 16 டிகிரி ஏற்றும், 2.4 கிலோவாட் 11 டிகிரி சொச்சம்தான். அப்புறம் எப்படிச் சுடும்? இந்த வகை ஹீட்டருக்குச் சிங்கப்பூரில் கட்டாயமான பாதுகாப்பு முத்திரையும் அதில் இல்லை.

பழையதில் இருந்த கோளாறு, அதிகச் சூட்டில் தானாகத் துண்டித்துக்கொள்ளும் கட்-அவுட். அதைச் சரிசெய்து மறுபடி மாட்டிய பிறகு 14 ஆம்பியர் சொச்சம் காட்டுகிறது, அம்மா வழக்கம்போல் குளிக்கிறார்.

உங்கள் வீட்டு ஹீட்டர் லேபிளை இன்றே படமெடுத்து வையுங்கள், வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்து வரும் ஓமையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். யாராவது மீட்டரைக் காட்டிப் பேசினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீங்களே திறந்து அளக்க வேண்டாம், அது ஆபத்து. வருபவர் உரிமம் உள்ளவரா என்று எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் பார்க்க முடியும். 3.3 கிலோவாட் ஹீட்டரை 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் உடனே அனுப்பிவிடுங்கள், 13-ஐ 230-ஆல் பெருக்கினால் 2,990 வாட் தான், தாங்காது.

துண்டுச்சீட்டில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் அந்த ஆள் இப்போது எடுப்பதில்லை. பில், லேபிள், கிளாம்ப் மீட்டர் படங்களோடு பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கும் போகப் போகிறேன். உங்கள் புளோக்கிலும் இதே மாதிரி "16 ஓம், ஷார்ட்" என்று யாருக்காவது பில் எழுதிக் கொடுத்திருந்தால், அதைத் தூக்கிப் போடாமல் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.