மட் கோலிவாடா: கருவாட்டு வாசனைக்காகவே போகலாம்

மும்பைல மட் ஐலேண்டுன்னா நம்ம ஆளுங்களுக்கு ரிசார்ட், பங்களா பார்ட்டி, இதுதான் ஞாபகம் வரும். அந்த ரோட்டோட கடைசில இருக்கிற மட் கோலிவாடாங்கிற மீனவங்க ஊரைப் பத்தி யாரும் சொல்றதே இல்ல, அதனாலதான் இதை எழுதறேன். நாங்க தாராவி. அம்மாவுக்கு தூத்துக்குடி பக்கம் ஒரு கடக்கரை ஊர், கல்யாணமாகி இங்க வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஜுஹு கடலைக் காட்டினா "இது கடலாடா, வலை எங்க வள்ளம் எங்க"ன்னு கேப்பாங்க. போன ஜனவரில ஒரு ஞாயித்துக்கெழமை காலைல அவங்கள கூட்டிட்டு கெளம்பிட்டேன்.

மாஹிம்ல ஸ்லோ ட்ரெயின் புடிச்சு அந்தேரி, அங்கேர்ந்து மெட்ரோல வர்சோவா, அப்புறம் ஷேர் ஆட்டோல ஜெட்டி, அதான் படகுத்துறை. அங்க ஃபெர்ரி ஏறினா அஞ்சே நிமிஷம், அக்கரை. இதையே ரோட்டுல போனா மலாட், மார்வேன்னு சுத்திக்கிட்டு இருவது கிலோமீட்டருக்கு மேல ஆகும், அதனால ஃபெர்ரிலயே போங்க. டிக்கெட் சில்லறை காசுதான், பைக்கைக் கூட ஏத்திக்கிறாங்க. ஆனா கூட்டம்னா ஏறும்போதும் எறங்கும்போதும் தள்ளுமுள்ளு, படகு ஆடும், வயசானவங்க கையைப் புடிச்சுக்கோங்க.

எறங்கினதுமே கருவாட்டு வாசனை மூஞ்சில அடிக்கும். எங்க கூட எறங்கின ஒரு குடும்பம் மூக்கைப் பொத்திக்கிட்டு "சீ, என்ன நாத்தம்"னு அடுத்த ஆட்டோல ஏறி பீச்சுக்கு ஓடிட்டாங்க. எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. அது குப்பை நாத்தம் இல்லீங்க, ஒரு ஊரே சேர்ந்து காயவெச்சிருக்கிற சாப்பாடு. வெயில்ல வரிசை வரிசையா மூங்கில் நட்டு கயிறு கட்டி, பொம்பில் மீனை (பாம்பே டக்னு சொல்வாங்களே, அதான்) தொங்கவிட்டிருக்காங்க, கிட்டப் போய் பாத்தாதான் அந்த வேலை புரியும், ஒரு மீனோட வாய்க்குள்ள இன்னொரு மீனோட தாடையை மாட்டி ஜோடி ஜோடியா கயித்துல போடறாங்க, ஊசியும் கிடையாது நூலும் கிடையாது, அந்த சின்ன பல்லே கொக்கி மாதிரி நிக்குது. கீழ தரையில வலையை விரிச்சு ஜவ்ளா பரப்பியிருந்துச்சு, நம்ம சென்னாக்கூனிதான் அது.

அம்மா அங்கயே குந்திட்டாங்க. காயப்போட்டுட்டு இருந்த கோலி அம்மா ஒருத்தங்க (கோலிங்கிறது இங்கத்த மீனவங்க சமூகம்) "யா தாயி"ன்னு கூப்பிட்டாங்க, மராத்தில தாயின்னா அக்கா, அம்மா காதுக்கு அது நம்மூர் தாயி மாதிரியே விழுந்துச்சு, அவ்ளோதான், ஓட்டை ஹிந்தில ரெண்டு பேருக்கும் ஒரு மணி நேரம் பேச்சு ஓடுச்சு. இங்க ஜூன் 1லேர்ந்து ஜூலை 31 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், நம்ம கெழக்குக் கரைல ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், எண்ணிப் பாத்தா ரெண்டுமே 61 நாள். ஆவணி பொறக்கிற சமயத்துல நாரளி பூர்ணிமா அன்னைக்கு கடலுக்கு தேங்கா விட்டுட்டு கும்புடுவாங்களாம். அந்த அம்மா சொல்லும்போதே எங்கம்மா கைகூப்பிட்டாங்க.

அங்க இருக்கிற மட் கோட்டைக்காகப் போறவங்க முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க, உள்ள போக முடியாது. போர்ச்சுகீஸ்காரங்க 17ஆம் நூத்தாண்டுல கடலையும் கழிமுகத்தையும் காவல் காக்க கட்டினது, 1739ல மராட்டியர் புடிச்சாங்க, இப்போ ஏர்ஃபோர்ஸ் கையில இருக்கு. மார்வே பக்கம் நேவியோட ஐஎன்எஸ் ஹம்லா தளம் வேற, அதனால போர்டைப் பாக்காம கேமராவை நீட்டாதீங்க. வெளியிலேர்ந்து சுவரைப் பாத்துட்டு, பக்கத்துல இருக்கிற கில்லேஷ்வர் கோயில்ல கொஞ்சம் உக்காந்துட்டு வந்தோம், கடல் சத்தம் தவிர வேற ஒண்ணும் கேக்கல, அதுக்கே போன காசு வந்துடுச்சு.

சாப்பாடு ரெண்டு தடவை. முதல்ல மெயின் ரோட்டுல போர்டு வெச்ச ஒரு ஹோட்டல், வாவல் மீன் ஐஸ்ல கெடந்து சப்புன்னு இருந்துச்சு, கேட்டா ஃப்ரெஷ்ஷுன்னு சாதிக்கறாங்க, மீன் புடிக்கிற ஊர்லயே இப்படிப் பண்றது அநியாயம். அப்புறம் அந்த கோலி அம்மாவே ஊருக்குள்ள ஒரு வீட்டைக் காட்டினாங்க, திண்ணையில உக்கார வெச்சு சமைச்சுப் போடறாங்க. பொம்பில் பச்சையா இருக்கும்போது ஜெல்லி மாதிரி கொழகொழன்னு ஒரே தண்ணி, அதைக் கீறி விரிச்சு மேல பாரம் வெச்சு தண்ணியெல்லாம் வடிய விட்டு, மசாலா தடவி ரவையில பொரட்டி வறுத்தாங்க, வெளிய மொறுமொறு, உள்ள வாயில வெச்சா கரையுது. கூட அரிசி மாவு ரொட்டி, பாக்ரிம்பாங்க, செகப்பா ஒரு மீன் கொழம்பு, காரம் நல்லா ஏறும். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஐநூறைத் தாண்டல. அரை மணி நேரத்துக்கு மேல காத்திருக்கணும், அவசரப்படுத்தாதீங்க.

கொறைன்னா, படகுத்துறை பக்கம் பிளாஸ்டிக் குப்பை கண்ணுல ரத்தம் வருது, பாதி வெளியூர்காரங்க போட்டதுதான். டாய்லெட் வசதி சரியில்ல, பொம்பளைங்களுக்கு கஷ்டம். அப்படியே பக்கத்துல ஆக்ஸா பீச்சுக்குப் போறவங்க தண்ணில எறங்கவே வேணாம், அங்க வருஷா வருஷம் உயிர் போகுது. காயப்போட்ட எடத்துல போட்டோ எடுக்கணும்னா ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க, அது அவங்க வாசல்.

வரும்போது அரைக் கிலோ பொம்பில் கருவாடு வாங்கி மூணு கவர் போட்டு கட்டிக்கிட்டோம். அந்த அம்மா திரும்பத் திரும்ப "மீட் நாஹி, மீட் நாஹி"ன்னு சொன்னாங்க, மராத்தில மீட்னா உப்பு, உப்பே போடாம வெறும் வெயில்லயே காயவெக்கறது அது. அம்மா மறுநாள் பழக்கத்துல கருவாடுதானேன்னு உப்பைக் கொறைச்சுப் போட்டு, கத்திரிக்காயும் மாங்காயும் சேர்த்து கொழம்பு வெச்சாங்க. ஒரு வாய் எடுத்துட்டு எந்திரிச்சுப் போய் உப்பு டப்பாவை எடுத்துட்டு வந்தவங்க, "அடுத்த தடவை ஒரு கிலோவா வாங்கிடணும்டா"ன்னாங்க.