ஜிபிஐஓ 12 படுத்திய பாடு: இஎஸ்பி32 இல் ஜேடாக் பாவித்த அனுபவம்

இஎஸ்பி32-சி3 என்ற புதிய வைஃபை சிப் உள்ள போர்ட் மலிந்துவிட்டது, ஒரு யூஎஸ்பி வயரிலேயே டீபக் (ஓடும் நிரலை நிறுத்திப் பிழை தேடுவது) பண்ணலாம், பழைய இஎஸ்பி32ஐயும், அதன் ஜேடாக் (சிப்பை நிறுத்தி உள்ளே பார்க்கும் வழி) பின்களைக் கணினியுடன் இணைக்கும் எஃப்டி2232எச் அடாப்டரையும் இனியும் வைத்திருக்க வேணுமா என்று கோண்டாவிலில் கிணற்று மோட்டருக்குக் கொன்றோலர் செய்யும் நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதில்தான் இது.

பழைய போர்டில் முதலில் கோபம் வருவது ஜிபிஐஓ (சிப்பின் உள்ளீட்டு, வெளியீட்டுப் பின்) 12இல்தான். அடாப்டரின் ஏடி0 பின் ஜிபிஐஓ 13க்கும், ஏடி1 12க்கும், ஏடி2 15க்கும், ஏடி3 14க்கும் போகவேண்டும். கிரவுண்டும் சேர்த்து ஐந்தே வயர். இதைச் சரியாகக் கொடுத்த பிறகும் போர்ட் எழும்பாது. ஃபிளாஷ் (நிரல் இருக்கும் நினைவகம்) ரீட் எரர் 1000 என்று சீரியலில், அதாவது போர்ட் கணினிக்கு அனுப்பும் எழுத்து வரிகளில், ஓயாமல் ஓடும். அப்போது போர்ட் தொடங்கும்போது அங்கே வரும் பூட் வரியைப் பாருங்கள். 13 என்று இருக்கவேண்டிய இடத்தில் 33 நிற்கும். ரீசெட் ஆகும் நேரத்தில் 12இல் வோல்டேஜ் உயர்ந்திருந்தால், ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் போதும் என்று சிப் எடுத்துக்கொள்கிறது. சிப்பும் ஃபிளாஷும் சேர்ந்த வ்ரூம் மொடியூலில் இருப்பதோ 3.3 வோல்ட் ஃபிளாஷ். அடாப்டர் அந்த லைனை உயர்த்தி வைத்திருக்கும்வரை போர்ட் எழும்பவே எழும்பாது. அடாப்டரே இல்லாமலும் இது நடக்கும்: உள்ளீட்டை மேலே இழுத்து வைத்திருக்கும் ரிலே மொடியூலை 12இல் கொழுவினால் போதும். மோட்டர் கொன்றோலர் செய்பவர்கள் போர்ட் பழுது என்று தூக்கி எறிவதில் ஒரு பங்கு இதுதான்.

தீர்வு உண்டு. ஈஃபியூஸ் (சிப்புக்குள் ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய இடம்) கருவியால் ஃபிளாஷ் வோல்டேஜை 3.3 என்று நிரந்தரமாக எரித்துவிடலாம். பேர்ன் என்று தட்டச்சு செய்யச் சொல்லிக் கேட்கும். தட்டிய பிறகு திரும்பி வர வழியில்லை. 1.8 வோல்ட் ஃபிளாஷ் உள்ள பழைய வ்ரோவர் மொடியூலில் இதைச் செய்யக்கூடாது. மொடியூலின் தகரமூடியில் உள்ள பெயரை வடிவாக வாசித்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது வயர். அடாப்டர் வழியாகச் சிப்போடு பேசும் கணினி நிரலான ஓப்பன்ஓசிடி 20 மெகாஹேர்ட்ஸில் தொடங்கும். முழ நீள ஜம்பர் வயரில் அது நிற்காது. 10 சென்ரிமீற்றருக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் வேகத்தை 5 மெகாஹேர்ட்ஸாகக் குறையுங்கள். குருநகர், பாசையூர்ப் பக்கம் உப்புக்காற்றில் ஜம்பரின் பெண்முனை கறுத்துவிடும். ஓப்பன்ஓசிடி சிப்பைத் தேடும் ஸ்கான் செயின் சோதனையில் எல்லாம் ஒன்று (1) என்று வந்தால் முதலில் 15க்குப் போகும் வயரை மாற்றிப் பாருங்கள். ட்ரான்ஸ்போமர் இல்லாத மலிவு சப்ளையில் ஓடும் போர்டுக்கு லப்டொப்பைக் கொழுவவே வேண்டாம். அதில் 230 வோல்ட் கிரவுண்டிலேயே நிற்கலாம்.

இத்தனைக்கும் ஏன் இதை விடமுடியவில்லை? வொச்பொயின்ற்: ஒரு மாறியில் ஏதாவது எழுதப்பட்ட உடனே சிப்பை நிறுத்தும் வசதி. தொட்டி மட்டம் 42 என்று காட்டிக்கொண்டிருந்த மாறி திடீரென்று 808464432 ஆகிறது என்று வையுங்கள். சீரியலில் நூறு வரி அச்சடித்தாலும் காரணம் தெரியாது. அந்த எண் நான்கு '0' எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது. ஜிடிபி என்ற டீபக்கரில் அந்த மாறிக்கு வொச் போட்டுவிட்டு ஓடவிட்டால், அதில் கை வைத்த இடத்திலேயே சிப் நிற்கும். பக்ட்ரேசில் (எது எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) ஒரு படி மேலே போனால் நம்முடைய வரி: 16 பைட் இடத்துக்குள் 20 எழுத்துக் கருவி எண்ணைப் பிரதி பண்ணுகிறோம். கடைசி நான்கு சுழியமும் பக்கத்து மாறிக்குள் விழுந்திருக்கின்றன. இரண்டு நாள் தேடவேண்டியது இரண்டு நிமிடத்தில் கையில் வரும்.

சி3இல் இதே வேலை ஜிபிஐஓ 18, 19இல் உள்ள யூஎஸ்பியிலேயே நடக்கிறது. வயர் சோலி இல்லை, எரிக்க ஃபியூஸ் இல்லை. பழையதில் 2 வன்பொருள் பிரேக்பொயின்ற் (நிரலை நிறுத்தும் இடம்), இதில் 8. ஆனால் மின்சாரம் மிச்சம் பிடிக்க டீப் ஸ்லீப்புக்குப் போனதும் யூஎஸ்பியே மறைந்துவிடும், ஓப்பன்ஓசிடியும் அறுந்துபோகும். பற்றரியில் ஓடும் தொட்டி சென்சருக்கு ஸ்லீப்பை நிறுத்திய தனி பில்ட் ஒன்று வைத்துத்தான் டீபக் பண்ணவேண்டும். நிரலில் 18, 19ஐ வேறு வேலைக்கு எடுத்தால் போர்ட் கணினிக்குத் தெரியாமலே போய்விடும். பூட் பொத்தானை அமத்திக்கொண்டு ரீசெட் பண்ணினால் திரும்பி வரும்.

இரண்டிலும் ஒரே குறை: பிரேக்பொயின்ற்றில் நிறுத்தி வைத்திருக்கும்போது வைஃபை இணைப்பு விழுந்துவிடும். அதை டீபக்கரின் பிழை என்று சொல்லமுடியாது. சிப் பதில் சொல்லாவிட்டால் ரௌட்டர் காத்திருக்காது.

புதிதாக வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு சி3 வாங்கலாம். நண்பருக்குச் சொன்னது வேறு: இரண்டு ரிலே, இரண்டு மிதவை, ஃப்ளோ சென்சர், திரை, பொத்தான்கள் என்று பின் வேண்டிய மோட்டர் கொன்றோலருக்குச் சின்ன சி3 போர்ட் காணாது. 12இன் ஃபியூஸை எரித்த பழைய போர்டையும் அந்த அடாப்டரையும் யாருக்கும் குடுத்துவிடாதையுங்கோ.