மூன்று ஆண்டுகளாக ஒரே தூண்டில் செயலி

ஓய்வு நாள்களில் பினாங்குத் தீவின் பத்து மாவுங், தெலுக் பஹாங் பக்கம் தூண்டில் போடும் நான், மூன்று ஆண்டுகளாக ஒரே மீன்பிடிச் செயலியைப் பயன்படுத்துகிறேன். கடலின் ஏற்றவற்றம், காற்று, நிலவின் நிலை ஆகியவற்றோடு, பிடித்த மீனைப் படத்துடன் பதிந்து பிறருடன் பகிரும் வசதியும் அதில் உண்டு. வானிலைப் பகுதி சுமார்தான். சுமத்ரா பக்கமிருந்து விடியலுக்கு முன் பாய்ந்து வரும் சூறைக்காற்றுக்கு மலேசிய வானிலைத் துறையின் எச்சரிக்கையையே பார்க்கிறேன்.

செயலியின் உண்மையான பலம் பதிவேடுதான். பினாங்கில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அவை தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால், ‘காலை ஏழு மணிக்கு சியாக்காப் (கொடுவா மீன்) கடித்தது’ என்ற குறிப்பு அடுத்த வாரமே உதவாமல் போகும். இச்செயலியோ, மீனைப் பதியும்போதே அந்நேரத்து நீர்நிலையையும் சேர்த்துக் குறித்துவிடுகிறது. ஓராண்டுப் பதிவுகளைப் புரட்டியபோது, எனக்குக் கிடைத்த சியாக்காப்புகளில் பெரும்பாலானவை ஏற்றம் தொடங்கிய இரண்டு மணி நேரத்திற்குள் சிக்கியவை என்று தெரிந்தது. அதுவரை நீர் நிறைந்த பிறகே கரைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு கட்டத்தில் செயலியின் ஏற்றவற்ற வரைபடம் காட்டிய நேரமும் கண்ணெதிரே நீர் திரும்பிய நேரமும் ஒத்துவரவில்லை. என் பதிவின் கீழே ஒரு பெரியவர், “தம்பி, உங்களுக்கு லுமுட் கணக்கு காட்டுது, பினாங்குக்கு மாத்திப் பாருங்க” என்று எழுதினார். லுமுட் தெற்கே பேராக் மாநிலத்தில் உள்ள வேறு துறைமுகம். மாற்றியபின், கடற்படையின் ஏற்றவற்ற அட்டவணையோடு ஒப்பிட்டேன்; பொருந்தியது. கருவியின் பிழையை மனிதர் திருத்திய அந்த நாளிலிருந்துதான் பகிர்வுப் பகுதியை மதிக்கத் தொடங்கினேன்.

ஆனால் அதே பகுதி எனக்கு இழப்பையும் தந்தது. இடத்தை மறைக்கும் தெரிவு தானாக இயங்காது என்பதை அறியாமல் ஒரு ஜெனாஹாக் மீனின் படத்தைப் பதிந்தேன். மறுவாரம் நான் வழக்கமாக நிற்கும் பாறைத் திட்டில் கால் வைக்க இடமில்லை. கூட்டம் கலைந்தபின் பாறை இடுக்குகளில் அறுந்த தூண்டில் நரம்பும் நெகிழிப் பைகளும் கிடந்தன. ஏற்ற நேரம், இரை, மீனின் நீளம் ஆகியவை எல்லோருக்கும் பயன்படுபவை, தாராளமாகப் பகிரலாம். இடம் அப்படியன்று, அதைப் பயனர் தாமாக முன்வந்து திறந்தாலன்றிச் செயலி காட்டக்கூடாது.

இப்போது இடத்தை அறுவர் கொண்ட எங்கள் குழுவுக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். பின்னணியில் பாலத்தூண் தெரிந்தாலும் இடம் புரிந்துவிடும் என்பதால், மீனை ஐஸ் பெட்டியின் மூடிமேல் கிடத்தியே படமெடுக்கிறேன்.