ஜாவாவும் சீரியல் போர்ட்டும்: லினக்ஸில் ஆறு வருடம்

எடை மெஷினிலிருந்து சீரியல் போர்ட் (டேட்டா பிட் பிட்டாக வரும் பழைய வகை இணைப்பு) வழியாக எண்ணைப் படித்து டேட்டாபேஸில் போடும் சின்ன ஜாவா புரோகிராம் ஒன்றை ஆறு வருடமாக லினக்ஸில் ஓட்டி வருகிறேன். இணைப்பின் அமைப்பு 9600 பாட் வேகம், 8 பிட், பாரிட்டி கிடையாது, 1 ஸ்டாப் பிட், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் ஜாவா கோடால் வந்த தொல்லையை விரல் விட்டு எண்ணிவிடலாம். போர்ட்டைத் திறப்பதற்குள் படுத்திய பாடுதான் பெரிய கதை.

ஜேடிகேவில் (ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பு) சீரியல் போர்ட்டுக்கு என்று எதுவும் கிடையாது, வெளி லைப்ரரிதான் வேண்டும். ஆரம்பத்தில் ஆர்எக்ஸ்டிஎக்ஸ் 2.1-7 என்ற லைப்ரரி வைத்திருந்தேன். ஜார் (ஜாவா கோடு உள்ள ஃபைல்) ஒரு பக்கம், எஸ்ஓ ஃபைல் (லினக்ஸுக்கான நேட்டிவ் லைப்ரரி) ஒரு பக்கம். 64 பிட் ஜாவாவுக்கு 32 பிட் எஸ்ஓ மாட்டிவிட்டால் அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர். அது பரவாயில்லை, காரணத்தையாவது சொல்லும். போர்ட்டைத் தொட அனுமதி இல்லையென்றால் "அனுமதி இல்லை" என்று சொல்லாமல் அப்படி ஒரு போர்ட்டே இல்லை என்று சாதித்ததே, அதில்தான் இரண்டு நாள் போனது. நான் கேபிளை மாற்றினேன், யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரை மாற்றினேன், கடைசியில் பார்த்தால் யூசரை, போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்க்கவில்லை (டெபியன், உபுண்டுவில் டயல்அவுட், ஆர்ச்சில் யுயுசிபி). சேர்த்த பிறகு லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வரணும், அதையும் மறந்து இன்னொரு அரை மணி நேரம்.

அப்புறம் ஜேசீரியல்காம் என்ற லைப்ரரிக்கு மாறினேன். ஒரே ஜார், நேட்டிவ் லைப்ரரி அதற்குள்ளேயே இருக்கிறது, ஓடும்போது டெம்ப் ஃபோல்டரில் பிரித்து வைத்துக்கொள்கிறது. டெம்ப்பை நோஎக்ஸெக் (அங்கிருந்து எதையும் இயக்கக்கூடாது என்ற அமைப்பு) போட்டு மவுன்ட் செய்திருக்கும் சர்வரில் மட்டும் முரண்டு பிடிக்கும். டெம்ப் இடத்தை ஜாவாவுக்கு மாற்றிக் கொடுத்தால் சரி. டைம்அவுட்டை நாமே அமைக்க வேண்டும், சும்மா விட்டால் ரீட் காத்திருக்காது. காத்திருந்தாலும் முழு வரி ஒரே தடவையில் வரும் என்று நம்பக்கூடாது. என் மெஷின் 12.450 என்று அனுப்பியது ஒரு நாள் முதலில் "12.4", அடுத்த ரீடில் "50" என்று வந்து, 12.4 கிலோ, 50 கிலோ என இரண்டு பதிவாக ஏறிவிட்டது. வரி முடியும் எழுத்து வரும்வரை சேர்த்து வைத்துப் பிரிப்பது ஒன்றுதான் வழி.

உபுண்டு 22.04-க்குப் போனதும் சிஎச்340 சிப் உள்ள கன்வெர்ட்டர் செருகிய நொடியே காணாமல் போனது. டிமெசேஜைப் (கெர்னல் லாக்) பார்த்தால் பிஆர்எல்டிடிஒய், அதாவது பிரெய்ல் கருவிகளுக்கான சர்வீஸ், அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டிருக்கிறது! எங்களுக்கு அது தேவைப்படவில்லை, நீக்கிவிட்டேன். மோடம் மேனேஜரும் இதே ரகம், ஏசிஎம் போர்ட்டைக் (யுஎஸ்பி மோடம் வகை போர்ட்) கண்டால் ஏடி கட்டளை (மோடமுக்கான கட்டளை) அனுப்பிப் பார்க்கும். யூடெவ் (செருகும் கருவிகளுக்குப் பெயர், அனுமதி தரும் லினக்ஸ் சர்வீஸ்) விதியில் விலக்கி வைக்கலாம்.

போர்ட் பெயரை யுஎஸ்பி0 என்று கோடில் எழுதாதீர்கள். புரோகிராம் பிடித்திருக்கும்போது கேபிள் கழன்று மாட்டினால் அது யுஎஸ்பி1 ஆகிவிடும். கருவியின் ஐடி வழியாக வரும் பெயர் நல்லது, ஆனால் சிஎச்340-இல் பொதுவாக சீரியல் நம்பர் கிடையாது, ஒரே மாதிரி இரண்டு மாட்டினால் பெயர் மோதும். அதனால் நான் எந்த யுஎஸ்பி துளை என்பதை வைத்து யூடெவ்வில் பெயர் கொடுத்து, துளைக்குப் பக்கத்தில் பேனாவால் "எடை" என்று எழுதியும் வைத்திருக்கிறேன்.