சுத்தத் துணிக்கு மூடி, அழுக்குத் துணிக்குக் காற்று: கார் பாலிஷ்காரரின் வாளிகளும் பைகளும்

நான்கு மணி நேரம் பாலிஷ் போட்டு முடித்த கறுப்புக் கார். கடைசியாக மெழுகைத் துடைக்க ஒரு மைக்ரோஃபைபர் துணியை உருவினேன். பானெட்டில் இரண்டாவது இழுப்பிலேயே விரல் நீளத்துக்கு ஒரு கீறல். துணி அன்று காலை துவைத்து உலர்ந்ததுதான். ஆனால் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில், வாய் திறந்த பையில், வேளச்சேரி சாலைத் தூசியை வழியெல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கீறலை எடுக்க மேலும் முக்கால் மணி நேரம் போனது. அதற்குக் கூலி கேட்க வாய் வருமா?

காரின் வண்ணத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பூச்சு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒவ்வொரு கீறலையும் எடுக்கும்போது அதில் கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்தது திரும்பி வராது. மைக்ரோஃபைபரின் இழையோ ஒரு டெனியருக்கும் (9,000 மீட்டர் இழை ஒரு கிராம் எடை) மெல்லியது, பிளவுபட்டது. அழுக்கை அள்ளிக்கொள்வதற்காகவே பிறந்த துணி, மணலையும் இரும்புத் துகளையும் அதே ஆர்வத்தோடு அள்ளிக்கொள்ளும். உதறினால் போகாது.

வீடு தேடிப் போய்க் கார் துலக்கும் தொழிலில் முதல் இரண்டு ஆண்டுகள் நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்துவந்தேன். சுத்தமான துணியைத் திறந்து வைத்தேன். ஈரமான அழுக்குத் துணியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினேன். பிறகு ஒவ்வொரு வகைப் பையையும் பெட்டியையும் வாங்கிப் பார்த்து, பாதியை வீட்டில் அரிசிக்கும் பருப்புக்கும் கொடுத்துவிட்டேன்.

சுத்தமான துணிக்கு முதலில் வாங்கியது ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும், காற்றை அழுத்தி வெளியேற்றினால் இடம் குறையும், கண்ணாடித் துணி தனி, உட்புறத் துணி தனி என்று பிரிக்கலாம். குறை ஜிப்பில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் மணல் சேர்ந்தால் ஒவ்வொரு முறை கையை விடும்போதும் துணியோடு சேர்ந்து மேலே வரும். ஈரக்கையோடு திறந்து மூடுவதால் இரண்டு மாதத்தில் ஓரம் கிழிந்தும் விடும். இன்றும் இரண்டு வேலைகளுக்கு மட்டும் ஜிப் கவர் வைத்திருக்கிறேன்: கண்ணாடித் துணிக்கும், செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சைப் போடும் சிறு துணிகளுக்கும்.

துணிப்பையையும் விடவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. நல்ல காரியம், காய்கறிக்கு நான் மஞ்சப்பைதான் எடுத்துப்போகிறேன். மைக்ரோஃபைபருக்கு மட்டும் அது ஆகாது. பருத்தியின் பஞ்சுத் துகள் மைக்ரோஃபைபரில் ஒட்டினால் லேசில் விடாது. அந்தத் துணியால் கண்ணாடியைத் துடைத்தால் வெள்ளை முடி முடியாக நிற்கும். பருத்தித் துண்டுகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

வென்றது 20 லிட்டர் பெயிண்ட் வாளி. வீடுகளுக்கு வெள்ளையடிப்பவரிடம் 60 ரூபாய்க்கு வாங்கியது. இறுக்கமான மூடி, கைப்பிடி, மேலே உட்கார்ந்து சக்கரம் துலக்கவும் ஆகும். 40 சென்டிமீட்டர் சதுரம், 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) துணி ஒன்று 56 கிராம்தான். அப்படி 30 துணிகள் மடித்து அடுக்கினால் வாளி நிறையும். ஆனால் ஒரு எச்சரிக்கை. சுவர்ப் பட்டி வைத்திருந்த வாளியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் மூடி விளிம்பில் துகள் இருக்கும். எமல்ஷன் வாளி என்றால், காய்ந்த படலத்தை முழுதாக உரித்தெடுத்த பிறகே துணி உள்ளே போகலாம். நான் அவசரப்பட்டு ஒரு வாளியை அப்படியே பயன்படுத்தினேன். ஒரு வாரம் வரை துணியிலிருந்து வெள்ளைச் செதில் பொறுக்கினேன்.

வேன் வைத்திருப்பவர்கள் இழுப்பறைப் பெட்டி பொருத்துகிறார்கள். பார்க்க அழகு, எடுக்க எளிது. ஆனால் எங்கள் ஊர்ச் சாலையில் வேகத்தடை ஏறி இறங்கும்போது இழுப்பறை தானாகத் திறக்கிறது. மூடியிருந்தாலும் மேல் இடுக்கு வழியாகத் தூசி இறங்குகிறது. கடைக்குள் சுவரோரம் நிற்க வேண்டிய பொருள் அது.

அழுக்குப் பக்கம்தான் அதிகம் யோசிக்க வேண்டியது. 60 சென்டிமீட்டருக்கு 90 சென்டிமீட்டர், 1000 ஜிஎஸ்எம் உலர்த்தும் துண்டு ஒன்று காய்ந்திருக்கும்போதே அரைக் கிலோவுக்கு மேல். தண்ணீர் குடித்தால் பல மடங்கு. அதைக் கேரி பேக்கில் கட்டி வெயிலில் நிற்கும் வண்டியில் வைத்தால், சென்னைப் புழுக்கத்தில் மறுநாள் காலையில் பை திறந்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். அந்தப் பூஞ்சை நாற்றம் ஒரு துவைப்பில் போகாது. நாற்றம் மறைய வாசனைத் திரவம் ஊற்றினால் வேறு வம்பு: சாஃப்ட்னர் எனும் அந்தத் திரவம் இழைமேல் படிந்து, துணி தண்ணீரை இழுப்பதை நிறுத்திவிடும்.

மூடி போட்ட வாளியும் அதே தப்பைத்தான் செய்கிறது, கொஞ்சம் கௌரவமாக. சொட்டாது, வண்டி நனையாது, அதனால் பலருக்கு அதுதான் பிடிக்கும். அரை நாள் வேலைக்கு ஏற்கலாம். இரவு தங்கினால் ஆகாது. தார் நீக்கும் கரைப்பான் தொட்ட துணியை மட்டும் அரை நாள்கூட அப்படி வைக்கக் கூடாது. மூடிய வாளியும் வெயிலும் சேர்ந்தால் உள்ளே ஆவி திரளும். அது தீப்பிடிக்கும் ஆவி.

என் தேர்வு வலைப்பை. துவைக்கும் இயந்திரத்துக்கென்று விற்கிறார்களே, அதே பை. பிழிந்து போட்டால் காற்றோட்டத்தில் பாதி வழியிலேயே ஈரம் குறைகிறது. வீட்டில் கொட்டிப் பிரிக்க வேண்டியதில்லை, பையோடு இயந்திரத்துக்குள் போகலாம். குறை இரண்டு. சொட்டும், அதற்குக் காய்கறிக் கிரேட்டின் அடியில் ஒரு தட்டு வைத்து அதில் பையை நிறுத்துகிறேன். ஸ்கூட்டரில் வெளியே தொங்கவிட்டால் ஈரத்துணி சாலைப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே திறந்த வாளிக்குள் இறக்கி வைக்கிறேன்.

ஒரு பை போதாது. சக்கரத் துணியும் பானெட் துணியும் ஒரே பையில் பயணம் செய்யக் கூடாது. பிரேக் பேடிலிருந்தும் டிஸ்கிலிருந்தும் உதிரும் தூள் ஈரத்தில் ஒரு துணியிலிருந்து இன்னொன்றுக்குத் தாராளமாக இடம் மாறும். சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் கறுப்புப் பை, மற்றவற்றுக்கு வெள்ளை. செராமிக் கோட்டிங் துடைத்த துணி எந்தப் பைக்கும் போகாது. காய்ந்ததும் அது கண்ணாடித் துகள்போல இறுகிவிடும். துவைத்து மீட்கலாம் என்று கஞ்சத்தனம் செய்தவர்களில் நானும் ஒருவன். இப்போது நேராகக் குப்பைதான்.

பாலிஷர் இயந்திரத்தில் மாட்டும் நுரை, கம்பளிப் பேடுகள் தனிக் கதை. கடையில் விற்கும் அறை அறையாகத் தைத்த பேடு பை நன்றாக இருக்கிறது, விலையைத் தவிர. அதிலும் இறுக்கி அடுக்கினால் நுரை ஒரு பக்கம் நசுங்கி, பாலிஷரில் மாட்டும்போது ஆட்டம் காட்டும். வேனின் பலகைச் சுவரில் வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தை ஒட்டி அதில் பேடுகளைப் பதித்து வைக்கிறவர்களும் உண்டு. கைக்கு எட்டும், ஆனால் முகம் திறந்து கிடக்கும். வெயில் படும் இடமென்றால் நுரை மஞ்சளாகிப் பொடியத் தொடங்கும்.

நான் அந்தக் கொக்கிப் பட்டையை டப்பாவின் மூடிக்கு உள்ளே ஒட்டிக்கொண்டேன். பேடு மூடியில் தொங்கும், முகம் எதையும் தொடாது. டப்பா எது என்றால், பக்கெட் பிரியாணி வரும் சின்ன வாளி. 6 அங்குலப் பேடு சுகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். பட்டை, கிராம்பு வாசனை ஒரு மாதம் இருந்தது. கீறலைத் தேய்த்தெடுக்கும் கட்டிங், பிறகு பாலிஷிங், கடைசி மெருகான ஃபினிஷிங் மூன்றுக்கும் தனித்தனி வாளி. கட்டிங்குக்கான தேய்ப்புப் பசை, அதாவது காம்பவுண்டு, ஒரு துளி ஃபினிஷிங் பேடில் ஏறினாலும் கடைசிச் சுற்றில் மங்கல் தெரியும்.

அழுக்குப் பேடில்தான் எனக்கும் நண்பர்களுக்கும் வாக்குவாதம். வேலை முடிந்ததும் தண்ணீரில் போட்டுவிடு என்பது ஒரு கட்சி: காம்பவுண்டு காய்ந்தால் நுரைக்குள் கல்லாகும். அது உண்மை. ஆனால் இரவெல்லாம் ஊறினால் வெல்க்ரோவைப் பிடித்திருக்கும் பசை விடும்; அடுத்த வேலையில் பேடு பறந்து போய்ச் சுவரில் மோதுவதைப் பார்த்திருக்கிறேன். ஜிப் கவரில் ஈரமாகப் போடு என்பது இன்னொரு கட்சி. அந்த வழியில் காம்பவுண்டு காயாது, நாற்றம் வரும். கம்பளிப் பேடு என்றால் சடை பிடிக்கும். நான் அங்கேயே பிரஷால் தேய்த்து, கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் அலசி, காலி வாளிக்குள் பாலிஷரைக் குறைந்த வேகத்தில் சுழற்றி உதறிவிடுகிறேன். பிறகு கிரேட்டின் மேல் ஒரு வலை. அதில் நுரை முகம் கீழே, வெல்க்ரோ மேலே. நீர் பசையின் பக்கம் தேங்காது. ஐந்து நிமிட வேலைக்குச் சோம்பல்படுகிறவர்கள் தண்ணீர்க் கட்சியிலேயே இருக்கட்டும், ஆனால் அரை மணிக்குள் எடுத்துவிட வேண்டும்.

ஸ்கூட்டரில் போகிறவருக்கு இத்தனையும் முடியாது. ஒரு மூடி வாளி, ஒரு திறந்த வாளி, அதற்குள் இரண்டு வலைப்பைகள், ஒரு பிரியாணி வாளி. இவ்வளவு இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு கார் சமாளிக்கலாம். வேனில் போகிறவர் மூடி வாளியை இரண்டாக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாளி முறையில் எதிர்பாராமல் கிடைத்த வசதி, கணக்கு. காலையில் 30 வைக்கிறேன். மாலையில் வாளியில் மிச்சமிருப்பதையும் வலைப்பைகளில் விழுந்ததையும் கூட்டினால் 30 வர வேண்டும். ஒரு முறை 29 வந்தது. வாடிக்கையாளருக்குப் போன் செய்து வண்டியை எடுக்க வேண்டாம் என்றேன். துணி எஞ்சின் மேல், பேட்டரிக்குப் பக்கத்தில், மடித்தபடியே இருந்தது.